சென்னியப்பன் வாய் திறக்காத இருபது நிமிடம்

பேசக்கூடாது. அவ்வளவுதான் விதி. இருபது நிமிடம் சென்னியப்பன் பேசக்கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கிற கருணாம்பாள் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இப்படியொரு விதியைக் கண்டுபிடித்தவன் சென்னியப்பனைப் பார்த்ததே இல்லாதவனாக இருக்க வேண்டும், அல்லது நன்றாகப் பார்த்துவிட்டுப் பழிவாங்க வந்தவனாக இருக்க வேண்டும். ஐம்பத்தைந்து வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் வாயை மூடியிருந்தது ஒரே ஒரு தடவை, கடைவாய்ப் பல் பிடுங்கினபோது. அன்றைக்கும் டாக்டரின் இரண்டு விரல் உள்ளே இருக்கும்போதே ஒரு கதை சொல்லி, அந்த மனிதர் குலுங்கிச் சிரித்ததில் பக்கத்துப் பல்லும் சேர்ந்து வந்துவிட்டது என்று ஊர்பூராவும் சொல்லி வைத்திருக்கிறார். பக்கத்துப் பல் அதன் இடத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். இப்போது மிச்சப் பற்களை ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டு, இரண்டாவது மாடிக் கண்ணாடி அறையில், சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பதினொன்று இருபதுக்குக் கதவு சாத்தப்பட்டது. இப்போது பதினொன்று இருபத்தொன்று. ஒரு நிமிடம்தான் ஆயிற்றா. இந்தக் கம்பெனியில் கடிகாரம்கூடச் சொன்ன நேரத்துக்கு வேலை முடிப்பதில்லை.

கதவைச் சாத்திய ஆத்ரேயன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சிக்காரன். முப்பது வயது இருந்தால் அதிகம். முழங்கால் கிழிந்த பேண்ட்டுக்கு மேலே கோட்டுப் போட்டிருக்கிறான். கோட்டுத் தைத்த பிறகு பேண்ட்டுக்குத் துணி போதவில்லை போலிருக்கிறது. காலையில் எட்டு மேனேஜர்களையும் வட்டமாக உட்காரவைத்து, "லீடர் என்பவர் ஒரு பெரிய காது சார்" என்றான். பெரிய காது வேண்டுமென்றால் ஏதாவது கோயில் யானையைக் கூட்டி வந்து மேனேஜராகப் போட்டுவிட்டுப் போகலாமே, அதற்கு எதற்கு எட்டுப் பேருக்கு இட்லி வடை. மனிதரை மையமாக வைத்த தலைமை என்று திரையில் எழுத்து ஓடிற்று. முப்பத்திரண்டு வருஷமாகச் சென்னியப்பன் மையத்தில் வைத்தது மோட்டாரை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார். அது லீவு கேட்காது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று அழாது. கோயமுத்தூரில் கணபதி ஏரியாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இந்தக் கம்பெனியின் வைண்டிங் செக்‌ஷனில் அறுபத்திரண்டு பேர் நாள் பூராவும் ஸ்டேட்டர் என்கிற இரும்பு வளையத்தின் ஸ்லாட் பள்ளங்களுக்குள் காப்பர் கம்பி கோக்கிறார்கள். அறுபத்திரண்டு பேருக்கும் சென்னியப்பன்தான் மேனேஜர். அத்தனை பேரையும் வேலை வாங்குவதற்கு அவருக்கு இன்றுவரை தேவைப்பட்டது வாய். காதை வைத்துக்கொண்டு ஒரு காயில் சுற்ற முடியுமா. இதையெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்டால் சின்ன முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடி வழியே சத்தம் போகாது. ஆனால் உதடு தெரியும். மேனேஜர் உதடு அசைந்தால் தோல்வி என்று எழுதிவிடுவான் அந்தக் கோட்டுக்காரன். இருபது நிமிடம் முடிந்ததும் எதிரே இருப்பவர் ஒரு மஞ்சள் அட்டையில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இவருக்குக் கீழே தொடர்ந்து வேலை செய்ய உங்களுக்கு விருப்பமா? ஆம், இல்லை. உடனே கொடுக்கலாம், யோசிக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியில் போடலாம். இன்று செவ்வாய். பிளான்ட் மேனேஜர் நாற்காலி ஆடி மாதத்திலிருந்து காலியாகக் கிடக்கிறது. 'இல்லை' விழுந்த மேனேஜரின் பெயர் அதற்கான பட்டியலில் இருக்காது என்று சின்ன முதலாளி வாய்விட்டே சொல்லிவிட்டார். சென்னியப்பனுக்கு இதில் ஒரு சங்கடம். அந்த நாற்காலியில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். புரட்டாசியில் பொள்ளாச்சிக்குப் போய்ச் சின்ன மகளுக்கு இடம் பேசினபோது, மாப்பிள்ளையின் அப்பா தனக்கு நாற்பது ஏக்கர் தென்னை என்று ஆரம்பித்தார். பதிலுக்கு என்னத்தைச் சொல்வது. "நான் பிளான்ட் மேனேஜருங்க" என்று வந்துவிட்டது. வந்தது வந்தபடி நின்றதா, இல்லை. அச்சகத்தில் போய் எண்ணூறு பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே பிளான்ட் மேனேஜர் என்று தங்க எழுத்தில் அடித்து வாங்கி வந்து பீரோவில் அடுக்கியும் ஆயிற்று. தையில் கல்யாணம். எண்ணூறு பொய்யைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவான். தூங்கினார், அது வேறு விஷயம். ஆனால் கனவில் சம்பந்தி தென்னை மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பத்திரிகையை வாசித்துக்கொண்டேயிருந்தார்.

ஆக, யாரை எதிரே உட்காரவைப்பது என்பதில்தான் புத்தி வேண்டும். ஆளை மேனேஜரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஃபவுண்டரிக்காரன் தன் சொந்த மச்சினனையே கூட்டிக்கொண்டு போனான். அசெம்ப்ளிக்காரன் தன்னைத் தெய்வம் என்கிற ஒரு பையனை. அதெல்லாம் ஆபத்து. புகழ்கிறவன் வாயில் எப்போது என்ன வரும் என்று சொல்ல முடியாது; இருபது நிமிடம் புகழ யாராலும் முடியாது, பத்தாவது நிமிடத்தில் சரக்குத் தீர்ந்து உண்மைக்கு வந்துவிடுவான். சென்னியப்பன் அறுபத்திரண்டு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துப் பேசாத ஆளாக எடுத்தார். கருணாம்பாள். அவிநாசிப் பக்கம். நாற்பத்தாறு வயது, பதினெட்டு வருஷ சர்வீஸ், அதில் ஒன்பது வருஷம் சீனியர் வைண்டர். குட்மார்னிங் சொல்வாள், முடிஞ்சதுங்க என்பாள், அதோடு சரி. இவள் உட்காருவாள், ரெண்டு வார்த்தை பேசுவாள், நாம் தலையாட்டுவோம், ஆம் என்று ஒரு டிக் போடுவாள், பன்னிரண்டு மணிக்கு டீ. அப்படித்தான் நினைத்தார். ரெண்டு வார்த்தை என்று நினைத்தார். ஒரு வார்த்தைகூட இல்லாமல் இப்படி வந்து உட்காருவாள் என்று கனாக் கண்டாரா. பதினொன்று இருபத்து நாலு. நாலு நிமிடமாக இந்தப் பெண்பிள்ளை தொண்டையைக்கூடச் செருமவில்லை. வந்தாள், நாற்காலியை இழுத்தாள், சாய்ந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். கோர்ட்டில் ஜட்ஜு இப்படித்தான் பார்ப்பார். இல்லை, ஜட்ஜாவது நடுவில் ஒரு தடவை கொட்டாவி விடுவார்.

சும்மா இருக்கிற நேரத்தில் மனசுக்குள் ஒரு கதையை ஓட்டினால் பொழுது போகும். தாராபுரத்துக்காரர் கதை. அது எப்போதும் கைவசம் இருக்கிற கதை. தாராபுரத்துப் பக்கம் ஒரு தோட்டக்காரர் போன் செய்கிறார், மோட்டார் கத்துகிறது, என்னவென்று தெரியவில்லை என்று. மோட்டார் அறுநூறு அடி ஆழத்தில். இந்தக் கதையை முதலில் சொன்னபோது அறுநூறு, பிறகு தொள்ளாயிரம், ஒரு கல்யாண வீட்டில் ஆயிரத்து நானூறு அடி என்று சொல்லி, குழிக்கு அடியில் வேற்று நாட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதும் லேசாகக் கேட்டது என்று சேர்த்துக்கொண்டார். தோட்டக்காரர் போனைக் குழி வாயில் பிடிக்கிறார். இங்கே கோயமுத்தூரில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். செக்‌ஷனே மூச்சு விடவில்லை. கேட்டேன். கேட்டுவிட்டு, பதினொன்றாவது ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பர் கிழிந்திருக்கிறது, தூக்கிப் பாருங்கள் என்றேன். தூக்கிப் பார்த்தால். என்றேன். நான்தான் என்றேன். இந்த இடத்தில் எப்போதும் கேட்பவர்கள் ஆவென்று வாயைப் பிளப்பார்கள், கதை மேலே ஓடும். இன்றைக்கு ஓடவில்லை. எதிரே இருக்கிற முகம் வாயைப் பிளக்கவில்லை. கதையைச் சத்தமாகச் சொல்லாதபோது அதற்குள் வேறு யாரோ நடமாடுகிறார்கள். சரி, அந்தக் கதை வேண்டாம்.

அவள் நாற்காலி லேசாகத் திரும்பியது. சுழல்கிற நாற்காலி. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். காலால் தரையை உந்துகிறாள். என்ன திமிர் பார். மேனேஜருக்கு எதிரே ஊஞ்சல். விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருக்கிறாள். கம்பி அறுத்த விரல். அதை மேசைமேல் வைத்திருக்கிறாள், பார் என்று காட்டுவதுபோல. யாருக்குத்தான் அறுக்கவில்லை. சென்னியப்பன் விரலும் ஒரு காலத்தில் அறுபட்ட விரல்தான், இப்போது பதினாலு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டு மெழுகு மாதிரி ஆகிவிட்டது, அதற்கென்ன செய்வது. அவள் வாய் அசைந்தது. வந்துவிட்டது, பேசப் போகிறாள் என்று சென்னியப்பன் முதுகை நிமிர்த்தித் தலையாட்டத் தயாரானார். இல்லை. கிராம்பு. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு மெல்ல ஒதுக்குகிறாள். அவர் தலை வீணாக ஒரு தடவை ஆடி நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆத்ரேயன் எதையோ குறித்துக்கொண்டான்.

இவளுக்குத் தெரியுமா.

தெரிய வழியில்லை. மேனேஜர் மட்டத்துக் கடிதம். டிசைன் செக்‌ஷன் கிருபானந்தனுக்கும் தனக்கும் நடுவே போனது. கிருபானந்தன் கல்லுளிமங்கன், மாடிப்படியில் எதிரே பார்த்தால்கூட இரண்டு படி தாண்டின பிறகுதான் சிரிப்பான். அவன் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் இவள் இன்னும் பேசாமல் இருப்பாளா. சொல்லியிருப்பதால்தான் பேசாமல் இருக்கிறாளா. பேசு, வாயைத் திற, சம்பளம் பத்தவில்லை என்று சொல், கேன்டீன் சாம்பார் தண்ணீர் என்று சொல், நான் எத்தனை தலை வேண்டுமானாலும் ஆட்டுகிறேன். பதினொன்று இருபத்தெட்டு. என்ன குறை வைத்தேன் உனக்கு. போன தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரு பெட்டி ஸ்வீட் என்றால் உனக்கு ஒன்றரைப் பெட்டி. அரைப் பெட்டி எப்படி வந்தது என்றால் மீதியை வீட்டுக்கு எடுத்துப் போனேன், அது வேறு விஷயம். உன் மாமியார் காரியத்துக்கு நானே நேரில் வந்து உட்கார்ந்திருந்தேன். மாமியார். அந்த இடத்தில் மனசு காலை இடித்துக்கொண்டது. மாமியார் படுத்த படுக்கை, கருணாம்பாள் எங்கேயும் நகர முடியாது என்று கிருபானந்தனிடம் சொன்னது அந்தக் காரியத்துக்கு முன்னாலா பின்னாலா. பின்னால். மூன்று வருஷம் பின்னால். செத்துப்போன கிழவியைச் சென்னியப்பன் மறுபடியும் படுக்கையில் கிடத்திவிட்டார்.

முதல் தடவை அதைவிட அழகு. டிசைனில் ஒரு ஆள் வேண்டும், கருணாம்பாளைக் கொடுங்கள் என்று கிருபானந்தன் கேட்டபோது, "அந்தம்மாவுக்கு உயரம் ஆகாதுங்க. டிசைன் ரெண்டாவது மாடி. ஏணியில நாலு படி ஏறுனாலே மயக்கம் போட்டு விழுந்துருவாங்க" என்றார். எவ்வளவு இயல்பாக வந்தது. அதுவே பிறகு தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததாகவும் தொட்டியிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியதாகவும் வளர்ந்தது. அடுத்த தடவை கம்ப்யூட்டர் வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகாது. அப்புறம் மாமியார். அப்புறம் இரண்டு தடவை, அந்தம்மாவே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இந்த ஆடியில் வந்த கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. பொய் சொல்லவும் சோம்பல் வந்துவிட்டது. இப்போது அந்த உயரம் ஆகாதவள் இரண்டாவது மாடியில், கண்ணாடி ஜன்னலை ஒட்டி, நாற்காலியைத் திருப்பித் திருப்பி, கீழே லாரியில் மோட்டார் ஏற்றுவதை அக்கடாவென்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மயக்கம் போடேன். மரியாதைக்காவது ஒரு தடவை தலையைச் சுற்றுகிறது என்று சொல்லேன்.

கெட்ட எண்ணமா என்றால் கெட்ட எண்ணமில்லை. சென்னியப்பன் இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வார், யாரும் கேட்காமல் இருந்தால். செக்‌ஷனில் சுற்றுகிற காயிலில் சிக்கல் விழுந்தால் சாயந்தரம் நாலு மணிக்கு எல்லாம் இவள் மேசைக்குத்தான் வரும். அறுபத்தோரு பேர் கெடுத்ததை இவள் ஒருத்தி உட்கார்ந்து பிரிப்பாள். ஆண்டு விழாவில் குறையே இல்லாத செக்‌ஷன் என்று வருஷா வருஷம் சென்னியப்பன் மேடையேறிக் கேடயம் வாங்குவார். ஒன்பது கேடயம் வீட்டில் டிவிக்கு மேலே வரிசையாக இருக்கிறது. கூரையைத் தாங்குகிற தூணைப் பிடுங்கி மேல்மாடிக்காரனுக்கு ஊஞ்சல் கட்டக் கொடுக்க முடியுமா. நீ நன்றாக வேலை செய்ததுதான் நீ செய்த தப்பு. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் நானே மாலை போட்டு அனுப்பியிருப்பேன். மோசமாக வேலை செய்தவர்களை அப்படித்தான் அனுப்பினேன். ஒருத்தன் இப்போது ஸ்டோர்ஸில் இன்சார்ஜ், ஒருத்தன் மார்க்கெட்டிங்கில் டையோடு திரிகிறான். அவர்கள் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறார்கள். நீ பார்க்கிறாய். பதினொன்று முப்பத்து மூன்று. பார்த்துக்கொண்டே இருக்கிறாய்.

சாயந்தரப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தேன் என்று ஒருநாள் சான்றிதழ் நகலைக் கொண்டுவந்து நீட்டினாள். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய் மூன்றரை வருஷம் படித்திருக்கிறாள், யாருக்கும் சொல்லாமல். "பாத்து எதாச்சும் பண்ணுங்க சார்" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். "பண்ணலாம்மா, பண்ணலாம்" என்றார். பண்ணினார். மேசை டிராயரில் கடைசித் தட்டில் வைத்தார். அதற்கு மேல் வருகைப் பதிவேடு, அதற்கு மேல் பத்திரிகையின் அச்சுப் பிரதி. ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் முன்னேற்றத்துக்கு வாய்ப்பு என்று ஒரு கட்டம் வரும். அதில் ஒன்பது வருஷமாக, தற்போதைய பணியில் மனநிறைவோடு இருக்கிறார் என்று எழுதினார். எதிரே இருக்கிற முகத்தில் மனநிறைவு எங்கேயாவது தெரிகிறதா என்று தேடிப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு ஈர்க்குச்சி. கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கோபப்படுகிறவர்களைச் சமாளிக்க அவரிடம் நூறு கதை இருக்கிறது. இப்படிச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் என்ன சுவரா.

அந்தத் தாராபுரத்துக் கதை மறுபடி வந்து நின்றது, கூப்பிடாமலே. போன் மேசைமேல் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மோட்டார் கத்துகிற சத்தம் கரகரவென்று வந்தது. சென்னியப்பன் கண்ணை மூடியது உண்மை. ஒன்றும் விளங்கவில்லை என்பதால் மூடினார். அப்போது காயில் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன இவள் நிற்காமலே, "பதினொண்ணாவது ஸ்லாட்டுங்க. பேப்பர் கிழிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நிற்கக்கூட இல்லை. அதைப் போனில் திருப்பிச் சொன்னது சென்னியப்பன். பக்கத்தில் ஏதோ வரைபடத்தோடு நின்றிருந்த கிருபானந்தன் போனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்க்கவில்லை, போகிறவளைப் பார்த்தான். அடுத்த வாரம் முதல் கடிதம். அவ்வளவுதான் கதை. அறுநூறு அடிகூட இல்லை, நானூற்று இருபது. அதை ஆறு வருஷம் சொல்லும்படி ஊதிய வாய் இப்போது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே காற்று நிறைந்துகொண்டே போகிறது. பதினொன்று முப்பத்தேழு. இன்னும் மூன்று நிமிடம். மூன்று நிமிடம் பல்லைக் கடித்தால் போதும். பிறகு இவள் அட்டையில் எழுதுவாள். என்ன எழுதுவாள். இந்தக் கண் 'ஆம்' என்று எழுதுகிற கண்ணா. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். தெரிந்து, திட்டமிட்டு, இருபது நிமிடம் தோலை உரிக்கிறாள். பதினெட்டு வருஷத்தை இருபது நிமிடத்தில் திருப்பிக் கொடுக்கிறாள், ஒரு பைசா சத்தமில்லாமல். கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்கியது. ஏசி பதினெட்டில் ஓடுகிறது. சென்னியப்பன் கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்கிறாற்போல வாயை மூடிக்கொண்டார். கைக்குட்டைக்குள்ளே உதடு, அவரைக் கேட்காமல், திறந்துகொண்டது.

"எதுக்கு இப்படிப் பாக்கற. ஆமா, நாந்தான் விடல. ஆறு தடவை டிசைன்ல கேட்டாங்க, ஆறு தடவையும் நாந்தான் முடியாதுன்னேன். தெரிஞ்சுதான உக்காந்திருக்கற. திட்டறதுன்னா திட்டித் தொலையேன்."

நாற்காலி ஆடுவது நின்றது.

"என்னதுங்க?" என்றாள் கருணாம்பாள்.

"அதான். டிசைன் செக்‌ஷனுக்கு உன்னை."

"எனக்குத் தெரியாதுங்களே."

சென்னியப்பன் கைக்குட்டையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும், தினம் கண்ணாடியில் பார்க்கிற முகம். இது அந்த முகம் இல்லை.

"பின்ன எதுக்கு இவ்வளவு நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்த?"

"உங்ககிட்டப் பேசறதுக்கு என்னங்க இருக்குது," என்றாள். "இருவது நிமிசம் உக்காரச் சொன்னாங்க. சாயற நாற்காலி. உக்காந்துட்டேன்."

ஆக இவ்வளவுதான். இத்தனை நேரம் அந்தக் கண்ணில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது சென்னியப்பன்தான். அவள் முதுகு வலிக்குச் சாய்ந்திருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் மூன்று நிமிடத்தில் எழுந்து கீழே டீக்குப் போயிருப்பாள். வாயே, உனக்கு நான் என்ன குறை வைத்தேன்.

"யாருங்க கேட்டாங்க?"

"கிருபானந்தன்."

"பொதுவா ஒரு ஆள் வேணும்னுங்களா, இல்ல பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான்."

"எம் பேரைங்களா?"

"உம் பேரைத்தான்."

அவள் மேசைமேல் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.  சென்னியப்பனுக்கு அவற்றைப் பார்க்கத் தைரியமில்லை. ஏதாவது சொல்லி இந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று மனசு கதைகளைப் புரட்டியது. உயரம், கண், மாமியார், தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொன்றும் வாசல்வரை வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"மொதத் தடவை எப்பங்க?"

"அது ஆச்சு, ஆறு வருசம்."

"நாப்பது வயசுங்க எனக்கு அப்ப."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கிராம்பைக் கைக்கு எடுத்து, காகிதத்தில் மடித்து வைத்தாள். வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் அவள் செய்கிற காரியம் அது. பேசச் சிரமமாக இருந்தால் எழுதிக் காட்டலாம் என்று ஆத்ரேயன் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கமாக நகர்த்தினாள். மஞ்சள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எழுதுங்க."

"என்னத்த?"

"இப்பச் சொன்னீங்களே, அதை. சின்ன முதலாளி பேருக்கு."

"ஏம்மா, அதை எழுதிக் குடுத்தா நான் பிளான்ட் மேனேஜரா எப்படி." மேலே சொல்லக் கைக்குட்டை போதவில்லை.

"குடுக்கறதுக்கு இல்லீங்க. எங்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு டிசைனுக்கு மாத்தல் வந்துட்டா அந்தத் தாள் எம் பொட்டியோட அடியில கெடக்கும், அட்டையில ஆம்னு போட்டர்றேன். வரலீன்னா தாளும் அட்டையும் ஒண்ணா மேல போகும்."

"மெரட்டறயா?"

"இல்லீங்க. நீங்க லீடருங்க. நான் பேசறேன், நீங்க கேக்கோணும்னு சொல்லித்தான உக்கார வெச்சாங்க."

"நீ போயிட்டா சாயந்தரம் நாலு மணிக்கு வர்றதை யாரு பிரிப்பா?"

"அது செக்‌ஷன் மேனேஜர் பாடுங்க," என்றாள் கருணாம்பாள். "எழுதுங்க. இன்னும் ஒரு நிமிசம் இருக்குது."

பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். கை தானாக ஓடிற்று. இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்ட கை, எதில் போடுகிறோம் என்று பார்க்காமலே போட்டுப் பழகிய கை. அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஐயா அவர்களுக்கு. வைண்டிங் செக்‌ஷன் சீனியர் வைண்டர் கருணாம்பாள் அவர்களை. அவர்களை என்று போடச் சொன்னாள், போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆத்ரேயன் முகம் மலர்ந்துவிட்டது. பேசாத பெண் பேசுகிறாள். மேனேஜர் குனிந்து ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொள்கிறார். அவன் பயிற்சிப் புத்தகத்திலேயே இவ்வளவு தூரம் போட்டிருக்க மாட்டார்கள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். வெளியே நடையில் காத்திருந்த மேனேஜர்களைக் கையசைத்துக் கூப்பிட்டான். ஃபவுண்டரிக்காரன் வந்தான், அசெம்ப்ளிக்காரன் வந்தான், ஏழு பேரும் கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்று, மனிதரை மையமாக வைப்பது எப்படியென்று பார்த்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். சென்னியப்பன் நிமிரவில்லை. என்னிடம் கேட்டபோதெல்லாம், என்று எழுதி, 6 தடவையும், என்று எழுதினார்.

"எண்ணுல வேண்டாங்க," என்றாள் கருணாம்பாள். "அடிச்சுட்டு, எழுத்துல போடுங்க."